எஃப்-3 வந்த சாயங்காலங்கள்

அன்புள்ள சரவணா,

போன ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு நம் வீட்டுச் சமையலறையில் இருந்தவர்கள் மொத்தம் நான்கு பேர். நான். உன் அத்தை கோகிலா. மாடியில் குடியிருக்கும் மல்லிகா டீச்சர். வேலூரிலிருந்து வந்த மைக்ரோவேவ் மெக்கானிக் டில்லிபாபு. ஐந்தாவது ஆள் கிடையாது. ஜன்னல் விளிம்பில் ஒரு பூனை உட்கார்ந்திருந்தது, அதை நான் சேர்க்கவில்லை. இப்படிப் பெயர் பெயராக எழுதுவதற்குக் காரணம் உண்டு. நான் கீழே சொல்லப்போவதை நீ நம்பவில்லை என்றால் மற்ற மூன்று பேரையும் தனித்தனியாகக் கேட்டுக்கொள்ளலாம். மூன்று பேரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். உன் அத்தைக்கு அதைச் சொல்ல மனசு வராது, ஆனாலும் சொல்வாள். போனிலேயே பேசியிருக்கலாம்தான். போனில் நான் இரண்டு வார்த்தை சொல்வதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுகிறாய். கடிதத்தில் அப்படிக் குறுக்கே வர முடியாது. உட்கார்ந்து முழுவதும் படி.

பால் பொங்கிய நாளிலிருந்து ஆரம்பிக்கிறேன். அது என் தப்பு, அதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதைச் சொல்ல எனக்கு வாய் இருக்கும். வைகாசி மாதம் ஒரு நாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பூக்காரம்மா கூப்பிட்டாள் என்று வாசலுக்குப் போனேன். அவள் மருமகள் கதையை ஆரம்பித்தாள், நானும் நின்றுவிட்டேன். உள்ளே பால் பொங்கி நெருப்பை அணைத்துவிட்டது, கேஸ் மட்டும் வந்துகொண்டே இருந்திருக்கிறது. மல்லிகா டீச்சர் மாடியிலிருந்து ஓடி வந்து அடுப்பை மூடி, ஜன்னலைத் திறந்து, என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. அன்று சாயங்காலமே கோகிலா உனக்குப் போன் போட்டுவிட்டாள். அந்த வாரமே நீ புனேயிலிருந்து ஒரு பெரிய அட்டைப் பெட்டியோடு வந்து நின்றாய். "காலைல அத்தை கூட இருக்கும்போது ஒரு தடவ சமைச்சிடும்மா. மத்த நேரம் அடுப்பத் தொடாத, எல்லாத்தையும் இதுல சூடு பண்ணிக்க. இது தானா நின்னுடும்" என்றாய். அதோடு விட்டாயா? "இதுவும் உனக்கு ஒத்து வரலன்னா, பேசாம எங்ககூட வந்துடணும்" என்றாய். தப்பு செய்தவள் என்ன பேச முடியும்? தலையை ஆட்டினேன். அந்த மெஷினை எங்கே வைப்பது என்று வந்தபோது பெரிய பிளக் பாயிண்ட் சாமி அலமாரிக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்று நீயே தூக்கி அங்கே வைத்தாய். யார் வைத்தது என்பதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் தேவைப்படும்.

நீ காட்டிக் கொடுத்த சென்சார் பட்டன் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. எத்தனை நிமிஷம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. சாதமோ குழம்போ, அதுவே பார்த்துப் போதும் என்றால் நின்றுவிடும். நீ ஊருக்குப் போன பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் விளக்கேற்றிவிட்டு வந்து பட்டனை அமுக்கினேன். கொஞ்ச நேரம் சுற்றியது. பிறகு பீப் பீப் என்று கத்தி, கண்ணாடியில் எஃப்-3 என்று காட்டிக்கொண்டு நின்றுவிட்டது. எந்தப் பட்டனுக்கும் மசியவில்லை. பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன், மறுபடியும் அதே. அன்று மோர்ச் சாதம். உனக்குச் சொன்னபோது "பட்டன தப்பா அமுக்கியிருப்ப" என்றாய். அதற்கப்புறம் இரண்டு முறை வந்ததை நான் உனக்குச் சொல்லவில்லை. எல்லாம் நன்றாக இருக்கிறது என்றே சொன்னேன். அது என் இரண்டாவது தப்பு. பயந்துபோய்ச் சொன்ன பொய் அது. கோகிலா இருக்கும்போது எந்தப் பொய் நிற்கும்?

பெட்டியோடு வந்த புத்தகத்தைப் பிரித்தேன். நான் எட்டாவதோடு நின்றவள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் நீ ஆறாவது படிக்கும்போது உன் பாடப் புத்தகத்தை வைத்து, நீ பள்ளிக்கூடம் போன பிறகு நானாகக் கற்றுக்கொண்டது. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கடைசிப் பக்கத்துப் பட்டியலைப் படித்தேன். எஃப்-3 என்றால் சென்சார் பிழை, சர்வீஸ் ஆளைக் கூப்பிடவும். அவ்வளவுதான் போட்டிருந்தது. கூப்பிட்டேன். டில்லிபாபு ஒரு புதன்கிழமை காலையில் வந்தான். மெஷின் சமர்த்தாக ஓடியது.

"இன்னாமா, நல்லாத்தானே ஓடுது?"

"காலைல ஓடும்ப்பா. வெள்ளிக்கிழமையானா நின்னு போவுது."

சரி என்று அடுத்த வெள்ளிக்கிழமையே வந்தான், அதுவும் காலையில். அன்றும் ஓடியது. "மெஷினுக்கு வெள்ளியும் தெரியாது, சனியும் தெரியாதும்மா. பதினோரு வருஷமா எனக்கு இதே தொழில். வயசானவங்க பட்டன ரெண்டு தரம் அமுக்கிடுவாங்க, அதான். இல்லன்னா உள்ள இருக்கற போர்டு போயிருக்கும். போர்டு வர ஒரு மாசம் ஆவும்" என்றான். இதை என்னிடம் மெதுவாகவும், வாசலில் கோகிலாவிடம் சத்தமாகவும் சொல்லிவிட்டுப் போனான். அன்று ராத்திரி உன் போன் வந்தது. நீ கோபப்படவில்லை, அதுதான் எனக்கு வலித்தது. குழந்தையிடம் பேசுவது போலப் பேசினாய். "ஆடி முடியட்டும்மா. ஆவணி ஒண்ணாந்தேதி ஒரு குடும்பம் வீட்டைப் பாக்க வருவாங்க, டவுன்ல லாட்ஜ் வச்சிருக்காங்க, நல்ல மனுஷங்க. வாடகைக்கு விட்டுட்டு நீ இங்க வந்துடு" என்றாய். நான் போனை வைத்தேன். எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. உன் மேல் இல்லை, அந்த எஃப்-3 மேல். நான் எந்த வீட்டில் இருக்க வேண்டும், எந்த ஜன்னல் வழியாக அண்ணாமலையாரைப் பார்த்துக் காபி குடிக்க வேண்டும் என்பதை ஓர் எழுத்தும் ஒரு நம்பரும் முடிவு செய்வதா?

நான் எதையும் எழுதி வைக்கிறவள் என்று உனக்குத் தெரியும். சிலிண்டர் மாற்றிய நாள், ஊறுகாய் போட்ட நாள், உனக்கு அம்மை போட்ட நாள் எல்லாம் என் நோட்டுகளில் இருக்கின்றன. அந்த நோட்டில் ஒரு புதுப் பக்கம் எடுத்துக் கோடு போட்டேன். என்ன கிழமை, என்ன நேரம், என்ன வைத்தேன், எந்தப் பாத்திரம், கரண்ட் எப்படி, எஃப்-3 வந்ததா வரவில்லையா. ஒரு நேரம் விடாமல் எழுதினேன். சந்தேகப்பட வேண்டியதை எல்லாம் ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டேன். கிண்ணத்தின் அடியில் ஈரமா என்று துடைத்து வைத்தேன். மூடியா என்று மூடியை மாற்றினேன். உள்ளே சூடு ஆறவில்லையோ என்று கதவைத் திறந்து வைத்து ஆற விட்டேன். கரண்ட் கம்மியா என்று ஸ்டெபிலைசர் விளக்கைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எதுவும் இல்லை. மூன்று வாரம் கழித்துப் பக்கத்தைப் பார்த்தால் எஃப்-3 எல்லாம் செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும்தான், சாயங்காலம் மட்டும்தான். நடுவில் ஒரு வியாழக்கிழமையும் இருந்தது, அது பௌர்ணமி. கோகிலாவிடம் காட்டினேன்.

"நான் சொன்னா கேக்க மாட்டீங்க அண்ணி. எல்லாம் சாமி நாளு. அன்னிக்குப் பாத்து நிக்குதுன்னா, பொட்டிக்குள்ள வேகற சோறு சாமிக்குப் புடிக்கலன்னு அர்த்தம்."

"மிக்ஸி மட்டும் புடிக்குதா?"

"மிக்ஸி சோறாக்குதா அண்ணி?"

அவளைக் கேலி செய்தேனே தவிர, உன்னிடம் மறைக்க மாட்டேன், எனக்கும் உள்ளுக்குள் அதே நினைப்புத்தான். நான் ஒருபடி மேலே போனேன். இவள் இங்கேயே இருக்கட்டும் என்று சாமியே மெஷினை நிறுத்துகிறார் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். மெஷின் நின்றால்தான் நீ என்னைக் கூட்டிப்போவாய் என்பதுகூட அந்தச் சந்தோஷத்தில் எனக்குத் தோன்றவில்லை. பக்தி இருக்கிறவர்களுக்கு இந்தச் சௌகரியம் உண்டு சரவணா. நமக்கு வேண்டியதைச் சாமி சொன்னதாக எடுத்துக்கொள்ளலாம். நான் எடுத்துக்கொண்டேன்.

அந்தச் சௌகரியத்தைக் கெடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. விசேஷம் ஒன்றும் இல்லாத சாதாரண ஞாயிறு. சாயங்காலம் ஆறு மணி, இட்லியைச் சூடு பண்ண வைத்தேன், எஃப்-3 வந்துவிட்டது. நோட்டில் எழுதப்போனவள் பேனாவோடு அப்படியே நின்றேன். இன்றைக்கு என்ன நாள்? ஒன்றும் இல்லை. அப்போதுதான் எனக்குத் தொண்டை கமறுவது தெரிந்தது. சற்று முன்புதான் தெருவுக்குள் கொசுப்புகை வண்டி வந்து போயிருந்தது, ஜன்னல் வழியாகப் புகை சமையலறை முழுவதும் நிறைந்திருந்தது. செவ்வாய், வெள்ளி, பௌர்ணமி என்றால் நம் வீட்டில் என்ன? விளக்கேற்றி, சாமி அலமாரியில் சாம்பிராணி போடுவேன். அதை முடித்துவிட்டுத்தான் ராத்திரிச் சாப்பாட்டைச் சூடு பண்ணுவேன். நாள் இல்லை சரவணா. புகை.

மறுபடியும் புத்தகத்தை எடுத்தேன். இந்தத் தடவை கடைசிப் பக்கத்துப் பட்டியலை விட்டுவிட்டு நடுவில் சென்சாரைப் பற்றி எழுதியிருந்ததை வரி வரியாகப் படித்தேன். அந்த ஒரு பக்கத்துக்கு இரண்டு நாள் ஆனது. மெஷின் சாப்பாட்டைப் பார்ப்பதில்லையாம். அதற்கு இருப்பது மூக்கு மாதிரி ஒன்று. பட்டனை அமுக்கியதும் முதலில் சுற்றி இருக்கிற வெறும் காற்றை அளந்துகொள்ளும். பிறகு சாப்பாட்டிலிருந்து ஆவி கிளம்பியதும் அதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை வைத்துச் சூடானதைக் கண்டுபிடிக்கும். காற்றே புகையாக இருந்தால் வித்தியாசத்தை எங்கிருந்து பார்ப்பது? திகைத்துப்போய் எஃப்-3 என்று சொல்லிவிடுகிறது. சாம்பிராணியைப் பற்றி அந்தப் புத்தகம் எழுதினவர்களுக்கு என்ன தெரியும்? அவர்கள் வீட்டுச் சமையலறையில் சாமி இருந்திருக்காது.

டில்லிபாபுவுக்குப் போன் போட்டேன். "போர்டு ஒண்ணும் எடுத்து வர வேணாம், உன் மூக்க மட்டும் எடுத்து வா" என்றேன். ஆசிரமம் பக்கம் ஒரு வேலை இருக்கிறது, அப்படியே வருகிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை வந்தான். இனிமேல்தான் அந்த நான்கு பேர் பார்த்தது. அரைக் கிண்ணம் சாதம், இரண்டு ஸ்பூன் தண்ணீர் தெளித்து மூடினேன். மூன்று கிண்ணம் அதே அளவில் முன்பே தயாராக வைத்திருந்தேன், நாளைக்கு யாரும் சாதத்தின் மேல் பழி போடக் கூடாது. முதல் கிண்ணத்தை வைத்து டில்லிபாபுவையே பட்டனை அமுக்கச் சொன்னேன், என் விரல் மேலும் பழி வரக் கூடாது. ஒன்றரை நிமிஷத்தில் டிங் என்று நின்றது. ஆவி பறந்தது. "பாத்தீங்களா, நல்லாத்தானே..." என்று ஆரம்பித்தான். "இரு" என்றேன். கதவைத் திறந்து வைத்து இருபது நிமிஷம் ஆற விட்டேன். பிறகு ஜன்னலைச் சாத்தி, கோகிலா கொல்லையில் மூட்டி வைத்திருந்த தணலைத் தூபக்காலில் எடுத்து வரச் சொல்லி, வெள்ளிக்கிழமை போடுகிற அளவுக்கே சாம்பிராணியைப் போட்டேன். புகை சாமி அலமாரியை மூடிக்கொண்டு பக்கத்தில் மெஷின் மேல் இறங்கியது. இரண்டாவது கிண்ணம். அவனே அமுக்கினான். சுற்றியது, சுற்றியது, பீப் பீப் பீப், எஃப்-3! மல்லிகா டீச்சர் வகுப்பில் தட்டுவது போலக் கை தட்டினார். கோகிலா வாயைப் பொத்திக்கொண்டாள். நான் தூபக்காலை வெளியே எடுத்துப்போய், ஜன்னலைத் திறந்து, ஃபேனைப் போட்டு, எல்லாருக்கும் காபி கொடுத்தேன். அரை மணி நேரம் கழித்து மூன்றாவது கிண்ணம். டிங்.

"இன்னொரு தரம் பண்ணலாமாம்மா?" என்றான் டில்லிபாபு, இந்தத் தடவை குரலே மாறியிருந்தது. மறுபடியும் செய்தோம். சாம்பிராணி, எஃப்-3. ஜன்னல், டிங். அவன் தலையில் அடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். "செங்கம் ரோட்டுல ரெண்டு கெஸ்ட் ஹவுஸ்ல இதே கம்ப்ளெயிண்ட்டும்மா. வெள்ளக்காரங்க வந்து தங்கறாங்களே, அங்க. ரெண்டுத்துக்கும் போர்டு மாத்திட்டேன், மறுபடியும் வருதுன்னு திட்டறாங்க. அங்க நாள் பூரா ஊதுவத்தி எரியுது, பக்கத்துலயே மெஷின். எனக்கு இது தோணலையே!" என்றான். பிறகு என் நோட்டைக் கேட்டான், ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ள. நோட்டு வீட்டை விட்டு வெளியே போகாது, வேண்டுமானால் இங்கேயே உட்கார்ந்து எழுதிக்கொள் என்றேன். பதினோரு வருஷம் தொழில் செய்தவன், என் சமையலறைத் தரையில் சம்மணம் போட்டு, என் பக்கத்தைப் பார்த்து எழுதிக்கொண்டான். செவ்வாய்க்கிழமை போன் போட்டுச் சொன்னான், இரண்டு இடத்திலும் மெஷினை வேறு மூலைக்கு நகர்த்தியாயிற்றாம், எஃப்-3 வரவில்லையாம். உன் அத்தைதான் கடைசி வரை விடவில்லை. "அப்ப சாம்பிராணிய கம்மி பண்ணுங்க அண்ணி" என்றாள். "உங்க அண்ணன் இருந்த வரைக்கும் அவர் பீடிப் புகையவே என்னால கம்மி பண்ண முடியல. சாமிக்குப் போடறதயா கம்மி பண்ணச் சொல்ற?" என்றேன். மல்லிகா டீச்சர் சிரித்த சிரிப்பில் பூனை எழுந்து ஓடிவிட்டது. சாமியை நகர்த்துவதாக இல்லை, மெஷினைத்தான் நகர்த்தினேன். மறுநாளே எலக்ட்ரீஷியனை வைத்துச் சாப்பிடுகிற அறை ஜன்னலுக்குக் கீழே புதுப் பாயிண்ட் போட்டாயிற்று. அதை முதலில் வைத்த இடத்தை யார் தேர்ந்தெடுத்தது என்று நான் மறுபடியும் சொல்லப்போவதில்லை. செவ்வாய் சாயங்காலம் வந்தது, போனது. நேற்று ஆடி வெள்ளி. வழக்கத்துக்கு இரண்டு மடங்கு சாம்பிராணி போட்டேன். நடுவில் இருக்கிற கதவைச் சாத்திவிட்டு, சர்க்கரைப் பொங்கலை வைத்துப் பட்டனை அமுக்கினேன். டிங். கையெடுத்துக் கும்பிட்டேன், சாமியைத்தான், மெஷினை இல்லை.

இதில் ஜெயித்தது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று மறைக்க மாட்டேன். ஆனால் இதை எழுதும்போது வேறொன்றும் ஞாபகம் வருகிறது, அதை உன்னிடம் நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. எண்பத்தொன்பதில் நீ ஒன்பதாவது படித்தாய். கணக்கில் மார்க் விழுந்துகொண்டே போனது. உன் வாத்தியார் "பையனுக்கு மண்டைல ஏறலம்மா" என்று ஒரு வார்த்தை சொன்னார். நான் அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். உனக்குப் படிப்பு வராது என்று உன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். லீவில் உன்னை மளிகைக் கடையில் உட்கார வைத்தேன். புத்தி வர வேண்டும் என்று வேண்டிக்கொண்டு கிரிவலம் போனேன், அடி அண்ணாமலை வரும்போது கால் கொப்புளித்து உட்கார்ந்து அழுதேன். வாத்தியார் போர்டில் எழுதிப் போட்ட கணக்கில்தான் நீ தப்பு செய்தாய், புத்தகத்தில் இருந்த கணக்கில் தப்பே செய்யவில்லை. உன் நோட்டைப் புரட்டியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஊரில் உள்ளதை எல்லாம் எழுதி வைத்தவள் அதைப் பார்க்கவில்லை. நீ உயரம் என்று கடைசி பெஞ்சில் உட்கார வைத்திருக்கிறார்கள், உனக்குப் போர்டு தெரியவில்லை. கண்ணாடி போட அடுத்த வருஷம் ஆகிவிட்டது. அந்த ஒரு வருஷம் நீ மக்கு என்று நம்பி வளர்ந்தாய், என்னால். உனக்கும் இப்போது மகன் இருக்கிறான். அவனைப் பற்றி யாராவது ஒரு வார்த்தையில் முடித்துச் சொன்னால் உடனே எடுத்துக்கொள்ளாதே. எப்போது, எங்கே, யார் எதிரில் என்று பத்து நாள் பார். அந்தப் பத்து நாளை நான் உனக்குக் கொடுக்கவில்லை. என்னை மன்னித்துவிடு.

அதே பத்து நாளைத்தான் நானும் உன்னிடம் கேட்கிறேன், ஆனால் சும்மா கேட்கவில்லை. மெஷினுக்கு எழுதியது போல என்னைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதினேன். நாற்பது நாள். நான் மறந்ததெல்லாம் அதில் இருக்கிறது. சாவியைப் பூட்டிலேயே விட்டது இரண்டு முறை. பிரஷர் மாத்திரை விட்டுப்போனது ஒரு முறை. மல்லிகா டீச்சர் மகளின் பெயர் வாயில் வராமல் நின்றது ஒரு முறை. அடுப்பு, ஒரு முறைகூட இல்லை. பால் வைத்தால் முக்காலியைப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்து நாமம் சொல்கிறேன், இறக்கி வைக்கும் வரை எழுந்திருப்பதில்லை. பூக்காரம்மா கூப்பிட்டால் "இருடி, பால் இருக்கு" என்கிறேன். பக்கத்தைக் கோகிலாவிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னேன். அவள் கீழே தன் கையால் ஒரு வரி சேர்த்தாள்: சொன்ன கதையையே திரும்பச் சொல்வது, தினமும். அதையும் நான் அடிக்கவில்லை. நகல் எடுத்து இதோடு வைத்திருக்கிறேன். ஒரு நாள் இந்தப் பக்கம் நீண்டுபோகும், எனக்குத் தெரியும். அப்போது நீ கூப்பிட வேண்டாம், நானே பெட்டி கட்டிக்கொண்டு வருவேன், என் மருமகள் சுதாவுக்குச் சாம்பிராணி ஒத்துக்கொள்ளுமா என்று கேட்டுக்கொண்டு. ஆனால் அந்த நாள் இது இல்லை. இந்த வீட்டில் இன்றைக்கு எனக்குத் தெரியாத கோளாறு எதுவும் இல்லை.

ஆவணி ஒன்றாம் தேதி அந்த லாட்ஜ்காரர் குடும்பம் வீட்டைப் பார்க்க வரும் என்று சொல்லியிருக்கிறாய். அவர்கள் வாசலில் வந்து நின்ற பிறகு இல்லை என்று சொல்ல எனக்கு நாக்கு வராது, நல்ல மனுஷர்கள் என்கிறாய். வரச் சொன்னது நீ. வர வேண்டாம் என்று சொல்ல வேண்டியதும் நீதான். சொல்லிவிட்டாயா என்று எனக்குத் தெரிய வேண்டும். போனில் வேண்டாம், எழுது. சீக்கிரம் பதில் போடு.

உன் அம்மா